பதில்: 10 மாதக் குழந்தை, வென்டிலேட்டரில் இடது நுரையீரல் சுருங்கிவிட்டது

இடது நுரையீரல் ஏன் சுருங்கியது என்ற கேள்வியில், கஃப் (டியூபைச் சுற்றியுள்ள காற்றுப் பலூன்) இல்லாத 4 மி.மீ. மூச்சு டியூப், உதட்டருகே 14 செ.மீ. ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். சளியைத் தேடுவதற்கு முன் அந்த 14-ஐப் பாருங்கள். டியூப் அளவை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய சரியான ஆழம்: 12 செ.மீ. எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் முழுவதும், கூடவே வலது நுரையீரலின் மேல்மடலும் வெளுத்திருந்தால், டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். எக்ஸ்ரேயில் குழந்தையின் தலை எப்படி இருந்தது என்றும் கவனியுங்கள்; தாடை மார்பில் படும்படி குனிந்தால் டியூப் முனை கீழே போகும், நிமிர்த்தினால் மேலே வரும். பொறுப்பு மருத்துவர் முன்னிலையில் சரிசெய்து, மறு எக்ஸ்ரே எடுங்கள்.

அதன்பிறகும் நுரையீரல் விரியவில்லையென்றால் சளி அடைப்பாக இருக்கலாம். ஈரப்பதமூட்டியில் தண்ணீர் இருக்கிறதா, டியூப் அருகே காற்று 37 டிகிரியா என்று பாருங்கள். வென்டிலேட்டரைக் கழற்றாமலே சளியை உறிஞ்சும் மூடிய சக்‌ஷன், 80–100 மி.மீ. பாதரச அழுத்தம், 10 வினாடிக்குள். உறிஞ்சும் குழாயை டியூப் முனையோடு நிறுத்துங்கள். வென்டிலேட்டரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பீப் அழுத்தம் (மூச்சை விட்ட பிறகும் காற்றறைகளைத் திறந்துவைக்கும் அழுத்தம்) போய், திறந்த காற்றறைகள் மறுபடி மூடிக்கொள்ளும். தேவைக்கு மேல் 100% ஆக்சிஜன் வைத்தாலும் அதே கதிதான்: நைட்ரஜன் இல்லாத காற்றறை சீக்கிரம் சுருங்கும்.

படுக்கவைப்பதில் பெரியவர்களுக்கான விதியை (நல்ல நுரையீரல் கீழே இருக்கட்டும் என்பதை) அப்படியே எடுக்காதீர்கள். கைக்குழந்தைக்கு மேலே இருக்கும் நுரையீரலுக்கே காற்று அதிகம் போகும்.

திடீரென ஆக்சிஜன் சரிந்து ரத்த அழுத்தமும் இறங்கினால், அது மார்புக்குள் காற்றுக் கசிவாக இருக்கலாம். எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.