ட்ரெய்லருக்கு யுஏ, படத்துக்கு ஏ: பையனைக் கூட்டிப் போகலாமா?

வாசகர் கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சில வாரங்களுக்கு முன் வேறொரு படத்துக்குப் போயிருந்தபோது இடைவேளையில் ஓர் ஆங்கில சூப்பர்ஹீரோ படத்தின் ட்ரெய்லர் போட்டார்கள். தொடக்கத்தில் ‘யுஏ 13+’ என்று சான்றிதழும் காட்டினார்கள். அதை நம்பி நான்கு டிக்கெட் முன்பதிவு செய்துவிட்டோம். இப்போது படத்துக்கு ‘ஏ’ கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். பெற்றோர் இருவரும் கூடவே வருகிறோம். அமெரிக்காவில் அப்படிப் போகலாம் என்கிறான் மகன். வயது கேட்காத அரங்கில் டிக்கெட் மாற்றித் தருகிறேன், கொஞ்சம் கூடுதலாக ஆகும் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். என்ன செய்வது? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கூட்டிப் போக முடியாது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தாலும் முடியாது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே உள்ளே விடலாம். பெற்றோர் சம்மதம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்த வாட்ஸ்அப் ஆசாமிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவரிடம் பிறகு வருகிறேன், முதலில் ட்ரெய்லர்.

நீங்கள் பார்த்த யுஏ 13+ பொய்யில்லை. ஆனால் அது ட்ரெய்லரின் சான்றிதழ். திரையரங்கில் ஓட்டும் ட்ரெய்லருக்கும் சென்சார் போர்டிடம் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். போர்டு பார்ப்பது அந்த இரண்டு நிமிடத்தை மட்டும்தான். இரண்டு மணி நேரப் படத்தில் வேறு என்ன இருக்கிறது என்பது அந்தத் தாளில் வராது. பல சமயம் ட்ரெய்லர் திரைக்கு வரும் நாளில் முழுப்படம் போர்டுக்குப் போயே இருக்காது. ‘ஏ’ வாங்கிய ட்ரெய்லரை ‘ஏ’ படத்தோடு மட்டுமே ஓட்ட முடியும் என்பதால், குடும்பக் கூட்டம் வரும் படங்களின் இடைவேளையில் போட வசதியாக, யு அல்லது யுஏ கிடைக்கும் அளவுக்கு வெட்டித்தான் கொண்டுவருகிறார்கள். சட்டப்படி இதில் தவறில்லை. ‘இது ட்ரெய்லருக்கான சான்றிதழ், முழுப்படத்துக்கு அல்ல’ என்று ஒரு வரியை அதே திரையில் பெரிய எழுத்தில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் புரியவில்லை. சில நொடி வந்து போகும் அந்தத் தாளில் கண்ணில் படுவது ‘யுஏ’ மட்டும்.

எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை ஏமாற மாட்டீர்கள். கத்தி ஓங்குவது இருக்கும், இறங்குவதற்குள் காட்சி மாறிவிடும். தெறிக்கும் ரத்தத்தைக் கணினியில் துடைத்துவிடுவார்கள், அல்லது காட்சியையே இருட்டாக்கிவிடுவார்கள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் துப்பாக்கிச் சத்தமோ பாட்டோ ஏறும். வாய் ஒன்று சொல்ல, காதில் வேறு விழும். கடைசியில் மிஞ்சுவது பறப்பது, உடைப்பது, கேலிப் பேச்சு. கேலி அதிகமாக இருப்பதால் குழந்தைப் படம் என்று முடிவு கட்டுவதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. இந்த வகைப் படங்களில் அந்தக் கேலியே பெரும்பாலும் வயது வந்தோருக்கானது.

வீட்டில் போனில் பார்க்கும் ட்ரெய்லருக்கு இந்தச் சான்றிதழ்கூடக் கிடையாது. இணையத்தில் ஏற்றுவதற்குச் சென்சார் தேவையில்லை. ஹாலிவுட் ட்ரெய்லர்களின் தொடக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு அட்டை வருமே, அது அமெரிக்காவின் மோஷன் பிக்சர் அசோசியேஷன் விளம்பரங்களுக்குத் தரும் ஒப்புதல். பச்சை அட்டையில் முன்பு ‘எல்லாப் பார்வையாளர்களுக்கும்’ என்று இருந்தது. 2009-ல் அதை ‘பொருத்தமான பார்வையாளர்களுக்கு’ என்று மாற்றினார்கள்.  சிவப்பு அட்டை ட்ரெய்லரில் ரத்தமும் வசையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதிகாரபூர்வ தளங்களில் வயதைக் கேட்டுத்தான் திறக்கும். 2016-ல் வந்த ‘டெட்பூல்’ படத்துக்கு இரண்டு வகையும் வெளியாயின. பச்சையை மட்டும் பார்த்தவரும் சிவப்பை மட்டும் பார்த்தவரும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். உங்களுக்கான பாடம் சுலபம்: ஒரு படத்துக்குச் சிவப்பு அட்டை ட்ரெய்லர் வந்துவிட்டது என்றால், இங்கே அது ‘ஏ’ என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இன்னொரு தொல்லை, போலி ட்ரெய்லர்கள். பழைய படங்களின் துண்டுகளையும் செயற்கை நுண்ணறிவில் செய்த காட்சிகளையும் ஒட்டி, நாளைக்கே ரிலீஸ் என்பதுபோல ஏற்றுகிறார்கள். ‘கான்செப்ட்’, அதாவது வெறும் கற்பனை, என்ற சொல் விவரக்குறிப்பின் அடியில் எங்கோ ஒளிந்திருக்கும். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தச் சேனலில் இல்லாத ட்ரெய்லரை ட்ரெய்லராகவே மதிக்காதீர்கள். ‘சென்சார் செய்யாத முழு ட்ரெய்லர்’ என்று டெலிகிராமில் வரும் இணைப்புகளை மகன் தொடவே கூடாது. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு ஆப் கோப்பு. நிறுவினால் போனுக்குள் வருவது படமல்ல.

மகன் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவின் ‘ஆர்’ என்றால் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடனோ பெரியவர் ஒருவருடனோ வரலாம். ஆனால் அந்த முறை அங்கே திரைத்துறை தானாக 1968-ல் ஏற்படுத்திக்கொண்டது. மீறினால் அரசாங்கம் சிறையில் போடாது. நம் ‘ஏ’ 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் இருந்து வருவது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வாயிலில் நிற்கும் ஊழியரிடம் செல்லாது. ஒரு நாட்டின் தரத்தை இன்னொரு நாட்டுக்கு அப்படியே மாற்றவும் முடியாது. ‘தி பேட்மேன்’ (2022) அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை மட்டும்), இங்கே யுஏ, பிரிட்டனிலோ 15 (15 நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை). ‘ஜோக்கர்’ (2019) அமெரிக்காவில் ஆர், இங்கே ஏ, பிரிட்டனில் அதே 15. இரண்டு படத்தையும் பிரிட்டன் ஒரே தட்டில் வைக்க, நாம் ஒன்றுக்குக் குழந்தைகளை விட்டு, இன்னொன்றுக்குக் கதவைச் சாத்தினோம்.

அமெரிக்காவில் ஆர் கிடைக்க ரத்தம்கூட வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு கெட்ட வார்த்தை ஒரு தடவைக்கு மேல் வந்தாலே பிஜி-13 பெரும்பாலும் கைநழுவிவிடும். இங்கே அந்த வார்த்தைகளை ஊமையாக்கினால் யுஏ ஆகிவிடுமே என்று கேட்பார்கள். ‘ஏ’ கொடுத்த படத்திலும் வார்த்தைகளை ஊமையாக்கச் சொல்லும் போர்டு நம்முடையது. பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரையும் குத்திவிட்டு, அந்தப் பெரியவர்களின் காதையும் பொத்துவார்கள்.

வாயிலில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ‘ஏ’ படத்தை 18 நிறையாதவருக்குக் காட்டினால் தண்டம் உண்டு என்கிறது சட்டம். மாட்டுவது காட்டுபவர், அதாவது அரங்கு; நீங்களோ பையனோ அல்ல. ஆகவே ‘நான் பொறுப்பு, எழுதித் தருகிறேன்’ என்று நீங்கள் கெஞ்சினால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் இதே சட்டம் யுஏ விஷயத்தில் கையை விரித்துவிடுகிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்களே, அவை பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. யுஏ 16+ படத்துக்கு எட்டு வயதுக் குழந்தையை நீங்கள் கூட்டிப் போனால் யாரும் தடுக்க முடியாது. ‘ஏ’ படத்துக்கு பதினேழே முக்கால் வயதுப் பையனை யாரும் அனுமதிக்க முடியாது. இதை வகுத்தவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் ஆசாமி. இவர்களின் வழிகள் மூன்று. முதல் வழி, ‘அந்த அரங்கில் கேட்க மாட்டார்கள்’ என்று சொல்லி கூடுதல் பணம் வாங்குவது. வாயிலில் திருப்பி அனுப்பினால் அவர் போன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் ‘இன்று ஆள் மாறிவிட்டார்’ என்பார். இரண்டாவது, உங்கள் டிக்கெட்டை வாங்கி விற்றுத் தருவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டின் படத்தைக் கேட்பது. அதை நான்கு பேருக்கு விற்கலாம். முதலில் ஸ்கேன் செய்பவர் உள்ளே, மற்ற மூவரும் உங்கள் எண்ணைத் தேடி வருவார்கள். மூன்றாவதுதான் மோசம்: பையனின் ஆதார் படத்தை வாங்கி பிறந்த ஆண்டைத் திருத்தித் தருகிறேன் என்பது. ஆதாரில் இருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் உண்மையான பிறந்த தேதி வந்துவிடும். திருத்திய படம் போலி ஆவணம். ஒரு படம் பார்ப்பதற்காகப் பிள்ளையின் அடையாள அட்டையை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பவர்களை என்ன சொல்வது! ஏற்கெனவே அனுப்பியிருந்தால், ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) பூட்டிவிடுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது நீங்கள் பதிவு செய்தபோது அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. ‘ஏ’ என்று காட்டி, ‘18 நிறைந்தவர்களுக்கு மட்டும்’ என்ற பெட்டியில் நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மறந்துவிடுங்கள். ஆனால் சான்றிதழ் வருமுன்பே முன்பதிவைத் திறந்துவிடும் பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் தரமே இல்லாமலோ, யுஏ என்றோ இருந்திருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. இன்றே இதைச் செய்யுங்கள்: டிக்கெட் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி இரண்டையும் எடுத்து, அதில் தரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரத்து செய்யும் வசதி இருந்தால் காட்சி தொடங்குவதற்கு முன் அவர்கள் சொல்லும் நேரக் கெடுவுக்குள் ரத்து செய்யுங்கள். அதிலேயே பெரும்பகுதி வந்துவிடும், வசதிக் கட்டணம் வருவது சந்தேகம். வசதி இல்லை என்றால் காட்சிக்கு முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள். காட்சி முடிந்தபின் கொடுத்தால் ‘நீங்கள் வரவில்லை’ என்று முடித்துவிடுவார்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் ஆசாமிக்குக் கொடுத்த பணத்தை 1915-ஆல் மீட்க முடியாது, அது சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போக வேண்டிய விஷயம்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். சான்றிதழ் படத்தின் பெயருக்கு அல்ல, அந்த வடிவத்துக்கு. அதே படத்தை வெட்டி மறுபடியும் போர்டுக்குக் கொண்டுபோய் யுஏ வாங்கலாம். அப்படி வாங்கினால் அந்த வெட்டிய வடிவத்துக்குப் பையன் தாராளமாக வரலாம். 2018-ல் ‘டெட்பூல் 2’ ஆர் தரத்தில் வந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதையே வெட்டி, ‘ஒன்ஸ் அப்பான் எ டெட்பூல்’ என்ற பெயரில் அமெரிக்காவில் பிஜி-13 ஆக வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் ‘ஏ’ படம் போடக் கூடாது என்பதால், அதற்கென வெட்டித் தனிச் சான்றிதழ் வாங்குவதும் இதே வகை. ஆனால் டிவியில் வந்துவிட்டதே, அப்படியானால் படம் யுஏதான் என்று நினைத்து ஓடிடியில் அதே பெயரைத் தேடிப் போட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பது வெட்டாத வடிவமாக இருக்கலாம். எதிர்த் திசையிலும் நடக்கும்: ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ (2016) திரையரங்கில் பிஜி-13, வீட்டுக்கு வந்த நீண்ட பதிப்பு சுமார் அரை மணி நேரம் கூடுதலாகி, ஆர். ஆக, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது பெயரை அல்ல. படம் ஓடும் நேரத்தையும் அந்த வடிவத்தின் தரத்தையும். நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் அது வேறு வடிவம். தமிழ் டப்பிங்குக்கும் சான்றிதழ் தனி. ஆனால் தரம் வழக்கமாக ஒன்றாகவே இருக்கும், டப்பிங் போனால் விடுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த முறை, படத்தின் சான்றிதழ் வந்தபின் டிக்கெட் எடுங்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அது ரிலீஸ் வாரத்தில்தான் தெரியவரும், முதல் நாள் காட்சியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளடக்கம் தெரிய பிரிட்டன் போர்டின் இணையதளம் நல்லது. வன்முறை, வசை, பாலியல் என்று தனித்தனியாக விளக்கம் எழுதுகிறார்கள். நம் போர்டின் தாளில் அந்த விவரத்தைத் தேடிக் களைத்துப் போவீர்கள்.

இந்தப் படம் ஓடிடிக்கு வரும்போது முடிவு உங்கள் கையில். அங்கே தரம் போடுவது சென்சார் போர்டு அல்ல, 2021 விதிகளின்படி அந்தத் தளமே. யுஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டும் வசதியைத் தர வேண்டும் என்பது விதி. மகனின் புரொஃபைலுக்கு வயது வரம்பு வைத்தால் மட்டும் போதாது, உங்கள் புரொஃபைலுக்கும் பின் எண் போடுங்கள். வரம்பு வைத்த புரொஃபைலில் இருந்து வெளியே வந்து அப்பா பெயரைத் தொட 15 வயதுப் பையனுக்கு மூன்று நொடி போதும்.