கீழ்வீட்டு அம்மாளுக்குக் கேட்பது

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கல்லூரி நாட்களில் சர்ச்சில் டிரம்ஸ் வாசித்தவன். சிவமணியைப் பார்த்து வந்த ஆசை. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் சொந்தமாக ஒரு அக்கூஸ்டிக் கிட் வாங்க முடிந்தது. ஆனால் இரண்டாவது மாடியில் இருக்கும் வயதான அம்மாள் அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். இசை ரசனை என்பதே இல்லாதவர். நான் சனி, ஞாயிறு பகலில் மட்டும்தான் வாசிக்கிறேன், சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியும் பார்த்துவிட்டேன். நண்பர்களோடு மாதம் ஒருமுறை ஒரு சின்ன கஃபேயில் வாசிக்கிறோம். அங்கேயும் முதலாளி, "டிரம்ஸ் வேண்டாம், கஹோன் கொண்டு வாங்க" என்கிறார், மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற அந்த மரப்பெட்டியைத்தான். எலெக்ட்ரானிக் கிட்டுக்கு மாறிவிடலாமா? மெதுவாக வாசித்துப் பார்த்தேன், உயிரே போய்விடுகிறது. நீங்கள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என் ஆறு வயது மகளும் கிட்டில் உட்கார ஆசைப்படுகிறாள். எந்த வயதில் தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

வேறொரு வாரம் வந்திருந்தால் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே விட்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கச்சேரிக்குப் போய்த் தலைவலியோடு திரும்பினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முட்டை அட்டையை முதலில் பிய்த்துப் போடுங்கள். அறைக்குள் எதிரொலியை அது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமல் நிற்க எடை வேண்டும். அட்டைக்கு ஏது எடை? சட்டத்தையும் இழுக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. நாம் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினாலே 60 பக்கம் வந்துவிடும். உங்கள் கிட் ஓர் அறைக்குள் 100-ஐ அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். சட்டம் பேச ஆரம்பித்தால் ஜெயிக்கப்போவது கீழ்வீட்டு அம்மாள்தான்.

அந்த அம்மாளுக்கு வருவோம். "இசை ரசனை இல்லாதவர்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! உங்கள் இசை அவருக்குக் கேட்கிறது என்று யார் சொன்னது? சிம்பல் தட்டு, ஸ்நேர் என்கிற சின்ன டிரம் எல்லாம் பெரும்பாலும் காற்றில் போகிற சத்தம். கான்கிரீட் தளம் அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். கிக், அதாவது காலால் பெடலை மிதித்து அடிக்கிற பெரிய டிரம், அப்படி இல்லை. பெடலும் டிரம்மின் கால்களும் தரையையே நேராக இடிக்கின்றன. தளம் அதிர்கிறது, அதன் அடிப்பக்கம்தான் அவர் வீட்டுக் கூரை. ஆக அவருக்குப் பாட்டு இல்லை, ஹைஹாட் இல்லை, நீங்கள் உருட்டி உருட்டி வாசிக்கிற ஃபில் இல்லை. தும்... தும் தும்... தும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் இது மட்டும். ஒரு தடவையாவது கீழே இறங்கிப் போய், மேலே யாரையாவது பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, அவர் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டீர்களா? இந்த வாரமே போங்கள். போகும்போது இரண்டு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போங்கள். சிவமணி பெயரை எடுக்காதீர்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில்தான் எங்கள் குழுவின் ரிகர்சல். மரச் சட்டம் போட்ட மாடி. கடைக்காரர் அவ்வப்போது ஒரு கம்பியால் கூரையைத் தட்டுவார். நாங்கள் சத்தத்தைக் குறைப்போம். ஒருநாள் அவரே மேலே ஏறி வந்து, "சத்தம் எனக்குப் பழகிருச்சு தம்பி. சரணத்துல ஓடுறியே, அதத்தான் தாங்க முடியல" என்றார். அவருக்குக் கேட்டது கிக் மட்டும்தான், அதனால்தான் தாளம் ஓடுவது எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கீழ்வீட்டு அம்மாளும் உங்களைப் பற்றி அப்படி ஏதாவது தெரிந்துவைத்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

எலெக்ட்ரானிக் கிட் வாங்குவதானால் வாங்குங்கள், எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதிலும் பெடல் உண்டு, அதுவும் தரையைத்தான் இடிக்கும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழியில் பதித்து ஒரு மேடை செய்து அதன்மேல் கிட்டை வையுங்கள், இடி நன்றாகவே பந்தில் அடங்கும். இருக்கிற கிட்டுக்கே, டிரம்மின் தோலுக்குப் பதிலாகப் போட, வலைத்துணி ஹெட் கிடைக்கிறது, துளை போட்ட சத்தம் குறைந்த சிம்பல் கிடைக்கிறது. வார நாட்களில் கை பழக அது போதும். குதிகாலைப் பெடலில் ஊன்றி வாசியுங்கள். இதெல்லாம் கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

"மெதுவாக வாசித்தால் உயிரே போய்விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

போன ஞாயிறு நான் போனது மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர். பாட்டு, வயலின், மிருதங்கம். முன்வரிசைக்கும் மேடைக்கும் இடையில் கை நீட்டினால் தொடுகிற தூரம். இந்த அறுபது பேருக்கு என் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். மிருதங்கக்காரர் முதல் பாட்டிலேயே மைக்காரரைப் பார்த்து விரலை மேலே காட்டினார். வயலின்காரர் பார்த்தார், அவரும் காட்டினார். பாடகர் விடுவாரா? மூன்றாவது பாட்டுக்குள் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலி ஒரு பூத உறுமலாக ஆகிவிட்டது. தோலின் மேல் மணிக்கட்டு நகர்கிற அந்தச் சின்ன இழைப்பு இருக்கிறதே, அது செத்துப்போயிற்று. அதைக் கேட்கத்தானே முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம்?

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கை வெளிப்படையாக எதிர்த்தவர். மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு கட்டத்தில் நின்றவர். பழைய காலத்து மனிதரின் பிடிவாதம் என்று அதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒலியின் அளவைத் தீர்மானிக்கிற வேலையைக் கை, மைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால் அப்புறம் அந்தக் கை எதற்காக யோசிக்க வேண்டும்? சின்னச் சொல்லுக்கும் பெரிய சொல்லுக்கும் நடுவே பத்துப் படி இருந்தது. இப்போது எல்லாச் சொல்லும் மேல்படியில்தான். ஆயிரம் பேர் உட்காரும் அரங்குக்கு மைக் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுபது பேருக்கு எதற்கு? இதைச் சபாக்காரர்களிடம் சொன்னால், "ஆர்ட்டிஸ்ட்தான் கேக்கறாங்க சார்" என்கிறார்கள். ஆர்ட்டிஸ்டிடம் சொன்னால், "ஆடியன்ஸ் எதிர்பார்க்கறாங்க" என்கிறார்கள். ஆடியன்ஸ் நான்தான். நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் வாத்தியத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். டிரம்ஸ் என்றாலே சத்தத்துக்குப் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிட் என்ற ஒன்று உருவானதே இடமில்லாமல்தான். ராணுவ பேண்டில் பெரிய டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் நாடகக் கொட்டகைகளுக்கும் நடனக் கூடங்களுக்கும் அந்த வாத்தியங்கள் வந்தபோது மூன்று பேர் நிற்க இடமும் இல்லை, மூன்று பேருக்குக் கொடுக்கக் காசும் இல்லை. ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதாயிற்று. 1909-இல் லுட்விக் கம்பெனி கொண்டுவந்த கால் பெடல் அந்த நெருக்கடிக்காகத்தான். அதாவது தெருவில் இருந்த வாத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து அடக்கி வாசிக்கக் கண்டுபிடித்த ஏற்பாடுதான் நீங்கள் வாங்கி வைத்திருப்பது. 1960-களில் கிதார் ஆம்ப்ளிஃபையர்கள் பீரோ அளவுக்கு வளர்ந்த பிறகுதான் டிரம்மர்கள் அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார்கள். ஜாஸ்காரர்கள் 18 அங்குலக் கிக்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ஜான் பான்ஹம் 26 அங்குலத்துக்குப் போனார். அவர் முன்னால் பல்லாயிரம் பேர் நின்றார்கள். உங்கள் முன்னால் காபி குடிக்கிற முப்பது பேர்.

நியூயார்க்கில் வில்லேஜ் வேங்கார்ட் என்று ஒரு நிலவறை கிளப் உண்டு, 1935-இலிருந்து. நூற்றிச் சொச்சம் பேர்தான் கொள்ளும். அங்கே 1961 ஜூன் 25 அன்று ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்ததன் ஒலிப்பதிவு யூடியூபிலேயே கிடைக்கும். டிரம்ஸ் பால் மோஷன். கவனித்துக் கேளுங்கள், மேஜைகளில் கிளாஸ் மோதுகிற சத்தம் கேட்கும், ஆட்கள் பேசுவது கேட்கும். ஒரு டிரம்ஸ் கிட் வாசித்துக்கொண்டிருக்கும்போது கிளாஸ் சத்தம் கேட்கிறது என்றால் அந்தக் கை எங்கே இருந்திருக்க வேண்டும்? உயிர் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எங்கள் மாஸ்டர் ரிகர்சலில் ஒன்று செய்வார். பாடகியின் மைக்கை மட்டும் அணைத்துவிடுவார். அந்தப் பெண் சாதாரணமாகப் பாட வேண்டும், நான் கிட் முழுவதையும் வாசிக்க வேண்டும், பல்லவியின் ஒவ்வொரு சொல்லும் என் காதுக்குக் கேட்க வேண்டும். ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் பாட்டு நின்றுவிடும். முதல் நாட்களில் அழுகையே வந்தது. சத்தத்தைக் குறைத்தால் தாளம் தொய்ந்தது. தாளத்தைப் பிடித்தால் சத்தம் ஏறியது. அவர்தான் கையைப் பிடித்துக் காட்டினார்: ஸ்டிக்கை ஹெட்டிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்காதே. வேகம் அதே வேகம், தூரம்தான் குறைய வேண்டும். தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிக்கிற ரிம் ஷாட் எங்கே வருகிறதோ அங்கே, ஸ்டிக்கைத் தோலில் படுக்கவைத்து விளிம்பை மட்டும் தட்டுகிற கிராஸ் ஸ்டிக். ஹைஹாட்டை ஸ்டிக்கின் தோள்பட்டையால் அடிக்காதே, நுனியால் தொடு.

உங்களுக்கு நடப்பதும் அதுதான் ச. உரத்து வாசிக்கும்போது ஸ்டிக் தானாகவே துள்ளித் திரும்பி வருகிறது, பாதி வேலையை அது பார்த்துக்கொள்கிறது. ஒரு அங்குலத்தில் அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு அடியையும் விரல்தான் கொண்டுவர வேண்டும். இடது கை பலவீனம், ஒற்றைப்படை அடியில் தடுமாற்றம், எல்லாம் வெளியே தெரிந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்துபோய் "உயிர் போகிறது" என்கிறீர்கள். கொஞ்ச நாள் அந்தப் பயத்தோடு உட்காருங்கள். உங்களால் முடியும். இத்தனை வருடம் கழித்தும் ஆசை விடாமல் வாங்கியிருக்கிறீர்களே, அது சாதாரணம் இல்லை.

சர்ச்சில் வாசித்ததாகச் சொல்கிறீர்கள். இப்போது பல சர்ச்சுகளில் டிரம்மரை அக்ரிலிக் கூண்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அடிக்கிற சத்தமெல்லாம் திரும்ப அந்தப் பிள்ளையின் காதிலேயே மோதுகிறது. அப்புறம் கூண்டுக்குள் மைக் வைத்து, அந்தச் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக வெளியே எடுக்கிறார்கள்! மெதுவாக வாசி என்று ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

கஃபேக்கு ஸ்நேர், கிக், ஹைஹாட், ஒரே ஒரு ரைடு சிம்பல் போதும். டாம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஸ்டிக்குக்குப் பதிலாகக் கம்பி இழைகளால் ஆன பிரஷ் வாங்குங்கள், வெள்ளைப் பூச்சு போட்ட சொரசொரப்பான ஹெட்டில்தான் பிரஷ் பேசும், வழவழப்பான ஹெட்டில் ஒன்றும் கேட்காது. மூலையில் கிட்டைப் போடாதீர்கள், சுவர்கள் சேர்ந்து கிக்கைப் பெரிதாக்கிக் காட்டும். கிதார்காரரின் ஆம்ப்ளிஃபையரை முதலில் பாதியாக இறக்குங்கள், அவர் முறைப்பார், முறைக்கட்டும். கஹோன் நல்ல வாத்தியம்தான். ஆசைப்பட்டு வாசிக்க வேண்டும், தண்டனையாக வாசிக்கக் கூடாது. முதலாளியிடம் ஒரே ஒரு சனிக்கிழமை கேளுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். ஆறு வயது போதும், உட்காரட்டும். ஸ்டிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இப்போதே திருத்தாதீர்கள். ஆனால் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது 100-இல் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைக்கு அதையும் நம்ப வேண்டாம். காதை முழுக்க மூடுகிற மஃப் அவள் அளவுக்கே கிடைக்கும், அது வரும்வரை கிட் பக்கம் விடாதீர்கள். நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.