வாய்மொழியாகத் தந்த வீடு: காக்காமார் பங்கு கேட்கலாமா?

கேள்வி: கீழக்கரையின் ஓரத்தில் புதிதாக எழும்பிய தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. 1999-இல் என் நிக்காஹ் முடிந்த வாரத்தில், உறவினரும் அண்டை வீட்டாரும் இருக்கும்போது, “இந்த வீடு மகளுக்கு” என்று சொல்லி வாப்பா சாவியை என்னிடம் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை. வாப்பாவும் உம்மாவும் எங்களுடனேயே இருந்தார்கள். வீட்டு வரியும் வாப்பா பெயரிலேயே வருகிறது. வாசலை ஒட்டிய கடையின் வாடகையை அந்த மாதம் முதல் நான்தான் வாங்குகிறேன். சென்ற ஆண்டு வாப்பா மௌத்தாகிவிட்டார். இப்போது காக்காமார் (அண்ணன்மார்) இருவரும் பங்கு கேட்கிறார்கள். வீடு என்னுடையதுதானா?

பதில்: பெண்ணுக்கு வீடு கொடுப்பது கீழக்கரையில் தலைமுறை வழக்கம் என்பதால் கவலையே வேண்டாம் என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இஸ்லாமியரின் தானம், வாரிசுரிமை போன்றவற்றில் ஊர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தையே விதியாக்குகிறது 1937-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது வழக்கத்தை அல்ல, அன்று நடந்த ஹிபாவை, அதாவது ஷரீஅத் முறைப்படியான தானத்தை.

கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தைக் கையளித்தல் ஆகிய மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவே செல்லும். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஹிபாவை எழுதிவைத்தாலும்கூடப் பதிவு கட்டாயமில்லை என்று 2011-இல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சிக்கல் மூன்றாவதில்தான். வாப்பா கடைசிவரை அதே வீட்டில் இருந்தார், ஆகவே கையளிக்கவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வீட்டில் வாழும்போது, கொடுத்தவர் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. தம் உரிமையை விட்டுவிட்டதைக் காட்டும் வெளிப்படையான ஒரு செயல் இருந்தால் போதும். சாவி கொடுத்ததைச் சாட்சிகள் மறக்கலாம். ஆனால் அந்த மாதத்திலிருந்தே வாடகை உங்கள் கைக்கு வந்ததைக் கடைக்காரரின் நோட்டு காட்டுமானால், என் கருத்தில் உங்கள் தரப்பின் முதுகெலும்பே அதுதான். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனாலும் குறுக்கு விசாரணையில் அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள்.

ஹிபா நிரூபணமாகாவிட்டால், வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகியிருக்கும் நிலையில், வீட்டை 40 பங்காக்கி உம்மாவுக்கு 5, காக்காமாருக்குத் தலா 14, உங்களுக்கு 7 என்றே பிரியும். எனவே ‘வாப்பாவின் வாரிசுகள்’ என்ற பெயரில் பட்டா மாற்ற மனுவிலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ கையெழுத்திடாதீர்கள். வீடு வாப்பாவுடையதாகவே இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்கள் தனியாகப் பட்டாவுக்கு மனுச் செய்தால் வட்டாட்சியரிடம் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுங்கள்.

உரிமையை இறுதியாகத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றமே. விளம்புகையும் (வீடு உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (அதில் தலையிடக் கூடாது என்ற தடையாணை) கோரி வழக்குத் தொடரலாம். விளம்புகை கோருவதற்கான காலவரம்பு 3 ஆண்டுகள்; காக்காமார் உங்கள் உரிமையை முதன்முதலில் திட்டவட்டமாக மறுத்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும் என்பதால், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். உம்மாவின் சாட்சியம் மிக முக்கியம். அவர் தள்ளாதவராக இருந்தால், வழக்குத் தொடர்ந்தவுடன், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் மூலம் வீட்டிலேயே பதிவு செய்யக் கோரலாம். வாடகை நோட்டை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள், விட்டுப்போன பக்கங்களை இப்போது எழுதிச் சேர்க்கவும் வேண்டாம். இருக்கிறபடியே வழக்கறிஞரிடம் கொடுங்கள்.