வாடி பிரிக்கிற நேரம் வந்திட்டுது தம்பி

கேள்வி: அண்ணை, நான் முள்ளியவளைப் பெடியன். 2003 இல பிரான்சுக்கு வந்தனான், இப்ப பிரெஞ்சு பாஸ்போட். ரெண்டு வருசத்துக்கு முதல் பரிசில இருந்த வீட்டை வித்து, மார்ட்டினிக் தீவில 11 மீற்றர் பாய்ப்படகு ஒண்டு பழசா வாங்கினனான். போன மார்கழியில இருந்து மனுசியும் 9 வயசு மகளும் நானும் அதிலதான் இருக்கிறம். இப்ப சீசன் முடியுது, பக்கத்தில நிண்ட படகுகள் ஒவ்வொண்டா வெளிக்கிடுது. ஆனி பிறந்தா சூறாவளிக் காலம். மனுசி வித்துப்போட்டு வாங்கோ எண்டுறா, எனக்கு மனமில்லை. கரையேத்தி வைக்கக் காசும் பெரிசா இல்லை. அவையை ஊருக்கு அனுப்பிப்போட்டு, நான் மட்டும் கண்டல் காட்டுக்குள்ள நாலு நங்கூரம் போட்டு படகோட காவல் இருக்கலாம் எண்டு நினைக்கிறன். மனுசி கிளிநொச்சி, 2011 இல கலியாணம் கட்டி வந்தவ. முதல் சந்தோசமாத்தான் இருந்தவ. போன கிழமை, புயல் வந்தா தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை கட்டி வையும் எண்டு சொன்னதுக்கு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. ஊரில அம்மா "வீட்டை வித்து வள்ளம் வாங்கின விசரன்" எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் படகுப் பிரச்சினை எண்டு நினைச்சன், மூண்டாம் தரம்தான் அந்தப் பை கண்ணில பட்டது. அதுக்குப் பேந்து வாறன். முதல் ஒண்டைச் சொல்லிப்போடுறன், படகில தனிய நிண்டு காவல் காக்கிற கதையை இண்டைக்கே விடுங்கோ.

ஏனெண்டா நீங்கள் மார்கழியில இருந்து கண்ட காத்து 20 நொட் காத்து, நொட் எண்டா மணிக்கு ஒரு கடல் மைல். சூறாவளி 100 நொட்டில வந்தா அது அஞ்சு மடங்கு எண்டு நினைக்கக்கூடாது, காத்து ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும், அஞ்சு மடங்கானா இருபத்தைஞ்சு மடங்கு. அந்த நேரம் படகின்ர முன்பக்கம், அணியத்தில போய் நிண்டு கயிறு இறுக்குறது எண்டு ஒண்டு இல்லை, தவண்டு கூட போக ஏலாது. நீங்கள் நாலில்லை, எட்டு நங்கூரம் போட்டாலும் ஆளில்லாத பக்கத்துப் படகு ஒண்டு கயிறு அறுத்து வந்து உங்கட மேல ஏறினா என்ன செய்வீங்கள்? 2024 ஆடி 1ஆம் திகதி பெரில் புயல் கிரனடா நாட்டின்ர கரியாகூ தீவில மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில ஏறேக்க, அங்க டைரல் பே கண்டல்களுக்குள்ள ஒதுங்கி நிண்ட படகுகள்தான் ஒண்டுக்கு மேல ஒண்டா அடிபட்டு உடைஞ்சது. அந்தக் கண்டலை நம்பித்தான் சனம் வருசக்கணக்கா ஓடிப்போய் நிண்டது. இரும்பும் ஃபைபரும் பேந்து வாங்கலாம். மகளுக்கு அப்பா வாங்க ஏலாது.

நான் உங்களைப் போல யாட்டில, அதுதான் வாழுற பாய்ப்படகில, வாழ்ந்தவன் இல்லை, அதைச் சொல்லிப்போட வேணும். சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் ஃபைபர் வள்ளம் அள்ளிக் குடுத்த காலத்தில பட்டறையில ரெசின் பூசின கை இது. பேந்து திருகோணமலைக்கு வந்து நிண்ட வெள்ளைக்காரற்ற யாட் ரெண்டு மூண்டுக்கு ஒட்டு வேலை செய்து குடுத்தனான், அவையளோட கதைச்சு அறிஞ்சதும் இருக்கு. அதில எனக்கு விளங்கினது, சீசன் முடிஞ்சா கரையேத்துறது அவைக்கு ஒரு சாதாரண விசயம். நீங்கள்தான் அதை ஏதோ தோத்துப்போன மாதிரி எழுதியிருக்கிறியள். நீங்கள் முள்ளியவளை ஆள், நாயாத்துக் கடற்கரைப் பக்கம் போயிருப்பியள்தானே. சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, வெளிக்கிட மேற்குக் கடல் கொந்தளிக்கும், எங்கட கடல் படிஞ்சு கிடக்கும், நீர்கொழும்பு சிலாபம் பக்கத்து மீன்பிடி ஆக்கள் வந்து கரையில கொட்டில் போட்டு வாடி அடிப்பினம். வாடைக்காத்து மணக்கத் தொடங்க கிடுகு, வலை, சட்டி பானை, நாய் எல்லாத்தையும் லொறியில ஏத்திக்கொண்டு போயிடுவினம். அடுத்தநாள் பாத்தா அடுப்புக் கல்லு மூண்டுதான் கிடக்கும். அவை தொழிலை விட்டுட்டுப் போட்டினம் எண்டு யாராவது சொல்லுறவையோ?

சரி, எங்க ஏத்துறது. முதல் வேலை இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வாசிக்கிறது, முன் பக்கத்தை இல்லை, பின்னால பொடி எழுத்தில கிடக்கிறதை. கனக்க போலிசியில சூறாவளிக் காலத்துக்கு இன்ன அகலக்கோட்டுப் பாகைக்குத் தெற்கால நிக்க வேணும், இல்லாட்டி கரையில ஏத்திக் கட்டியிருக்க வேணும் எண்டு கிடக்கும். பெயர் வைச்ச புயலால வாற சேதத்துக்குக் காசு இல்லை எண்டும் சிலதில கிடக்கும். போனில கேட்டா பத்தாது, எழுத்தில வாங்குங்கோ. மார்ட்டினிக்கில யாட்டுகள் நிக்கிற லு மரன் துறை 14 அரைப் பாகையில கிடக்கு, கிரனடா 12, டிரினிடாட் 10 அரை. கிரனடாவுக்கு ஒரு 150 கடல் மைல், தீவு தீவாப் பகலில ஓடி இரவில நிண்டு போகலாம். ஆனா தெற்கால போனாத் தப்பியிடலாம் எண்டு நம்பிப்போடாதேங்கோ. கிரனடாப் பக்கம் 1955 இல ஜனற், 2004 இல ஐவன், 2024 இல பெரில் எண்டு புயல் அடிச்சது. எங்கட முல்லைத்தீவு டிரினிடாட்டை விடத் தெற்கால 9 பாகையில கிடக்கு, 2020 மார்கழியில புரெவி எங்களுக்கும் திருகோணமலைக்கும் இடையால கரை ஏறேல்லையே? குறைவு எண்டது வேற, இல்லை எண்டது வேற.

என்னைக் கேட்டா, போலிசி விட்டா மார்ட்டினிக்கிலயே ஏத்துங்கோ. உங்கட பாஸ்போட்டுக்கு அது சொந்த நாடு, பரிசுக்கு நேர பிளேன் கிடக்கு, சுங்கக் கரைச்சல் இல்லை. விடாட்டி கிரனடா. எங்க எண்டாலும் யாட் பட்டறையில இடம் கெதியா நிரம்பும், இந்தக் கிழமையே கேளுங்கோ. கேக்கேக்க வாடகையை மட்டும் கேக்காமல், நிலத்தில குழி வெட்டி, படகின்ர அடியில நீட்டிக்கொண்டிருக்கிற அடிக்கட்டையை இறக்கி வைப்பினமோ, நிலத்தில கொங்கிறீற்றில பதிச்ச வளையத்தில பட்டி போட்டு இழுத்துக் கட்ட விடுவினமோ, முட்டுத்தாங்கிகளை ஒண்டோட ஒண்டு சங்கிலியால பிணைப்பினமோ எண்டு கேளுங்கோ. சும்மா நாலு தாங்கியில நிக்கிற படகு புயலில முதல் சரிஞ்சு பக்கத்துப் படகையும் கொண்டு போகும், வரிசையாச் சரியும். காசு இல்லை எண்டு எழுதினீங்கள், விளங்குது, ஆனா பாய்மரத்தைக் கழட்டி வைக்க வசதி இருந்தா அந்தக் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. பாயள் எல்லாத்தையும் கழட்டுங்கோ. முன்பாய் உருளையில சுத்தித்தானே கிடக்கு எண்டு விட்டுட்டுப் போறவையின்ர பாய்தான் நடுச்சாமத்தில அவிண்டு அடிச்சு படகையே தாங்கியில இருந்து உலுப்பி விழுத்திறது.

தண்ணியைப் பற்றி ஒரு கதை சொல்ல வேணும். ஒரு கார்த்திகையில என்ர வள்ளத்தை இழுத்து ரெண்டு பனங்குத்திக்கு மேல வைச்சு, மேல தறப்பாளையும் போட்டு வடிவாக் கட்டிப்போட்டு வந்தனான். பின்பக்கம் கடையால்ல தண்ணி வடியிற ஓட்டையில இருக்கிற தக்கையைக் கழட்ட மறந்துபோனன். அண்டு இரவு தொடங்கின மழை மூண்டு நாள். தறப்பாள் நடுவில பள்ளம் விழுந்து, கயிறு ஒரு பக்கம் அறுந்து, போய்ப் பாக்க வள்ளம் கிணறு மாதிரி நிரம்பி நிக்குது, உள்ள தவளை நீந்துது. அந்தப் பாரத்தில பனங்குத்தி பட்ட இடத்தில ஃபைபர் வெடிச்சு ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. கடல் செய்யாததை மழைத்தண்ணி செய்தது. உங்கட படகிலயும் அதேதான், சுக்கான் பிடிக்கிற பள்ளத்தில தண்ணி வடியிற ஓட்டைக்குள்ள ரெண்டு இலை போய் அடைச்சால் காணும், பள்ளம் நிரம்பி உள்ளுக்க இறங்கி, பற்றறி, இஞ்சின், மகளின்ர புத்தகம் எல்லாம் தண்ணிக்க. மாசத்தில ரெண்டு தரம் ஏணி வைச்சு ஏறிப் பாக்க நம்பிக்கையான ஆள் ஒண்டுக்குக் காசு குடுங்கோ, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அது இன்சூரன்சுக்கும் உதவும்.

மிச்சம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். டீசல் தாங்கியை நிரப்பி விடுங்கோ, பாதியா விட்டா உள்ளுக்க வேர்த்துத் தண்ணி சேரும். இஞ்சினுக்க நல்லதண்ணி ஓட விட்டு உப்பைக் கழுவுங்கோ. மெத்தையளை நிமித்தி வையுங்கோ, சுவரை வினாகிரி போட்டுத் துடையுங்கோ, இல்லாட்டி திரும்பி வந்து திறக்கேக்க பூஞ்சணம் தாடி வளத்திருக்கும். மட்டைப்பெட்டி ஒண்டும் உள்ளுக்க விடாதேங்கோ, கரப்பொத்தான் முட்டை அதிலதான் வாறது. அரிசி பருப்பு மிச்சம் எல்லாத்தையும் அங்க இருக்கிற ஆக்களுக்குக் குடுங்கோ. 1853 இல இருந்து எங்கட ஆக்களைக் கரும்புத் தோட்டத்துக்கு எண்டு கப்பல் கப்பலா இறக்கின தீவுதானே அது, பருப்பை என்ன செய்யிறது எண்டு தெரியாத ஊரில்லை.

விக்கிறதோ எண்டு கேட்டீங்கள். இப்ப விக்காதேங்கோ. வைகாசியில விக்கிறவன் அவசரத்தில விக்கிறான் எண்டு வாங்கிறவனுக்குத் தெரியும், அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பான். வேண்டப் போறவை கார்த்திகை மார்கழியிலதான் வருவினம். அப்ப விக்கிறதோ வைச்சிருக்கிறதோ, ரெண்டு பேரும் இருந்து கதைச்சு முடிவெடுங்கோ. ரெண்டு பேரும் எண்டு சொன்னனான்.

இப்ப பைக்கு வாறன். நீங்கள் 2003 இல போட்டியள். அவ கிளிநொச்சி, 2011 இல வந்தவ. இந்த ரெண்டு திகதியையும் நீங்களே எழுதிப்போட்டு, மனுசிக்குக் கடல் பிடிக்கேல்லை எண்டு நினைக்கிறியள். 2008 கடைசியில சண்டைக்குள்ள கிளிநொச்சியால வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போய்க்கொண்டே இருந்தது உங்களுக்கு நியூசில தெரியும். ஒவ்வொரு இடத்திலயும் தறப்பாள் கட்டுறது, பங்கர் வெட்டுறது, ஒரு பையைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுக்கிறது. அந்தப் பைக்குள்ள அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, ஒரு சோடி உடுப்பு, இருந்தா கொஞ்ச நகை. நீங்கள் போன கிழமை கட்டச் சொன்ன பைக்குள்ளயும் அதே சாமான்தான் தம்பி. எப்ப வெளிக்கிடுறது எண்டும் யாரும் சொல்லுறேல்லை, பக்கத்துக் கொட்டில் சனம் சாமான் கட்டுறதைப் பாத்துத்தான் நாங்களும் கட்டினது. இப்ப அவ படகில இருந்து தேத்தண்ணி குடிக்கேக்க என்னத்தைப் பாக்கிறா? பக்கத்துப் படகுகள் ஒவ்வொண்டா நங்கூரம் தூக்குறதை.

நான் டொக்டர் இல்லை. ஆனா என்ர மனுசி இண்டைக்கும் அலுமாரிக்கு மேல ஒரு நீலப் பை வைச்சிருக்கிறா. தைப்பொங்கலுக்கு வீடு கழுவேக்க இறக்கித் துடைச்சுப்போட்டுத் திரும்ப அங்கயே வைப்பா. உள்ள என்ன கிடக்கு எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

யாட்காரருக்கு அந்தப் பை ஒரு பழக்கம், தேவையும்தான், கட்டத்தான் வேணும். ஆனா நீங்களே கட்டுங்கோ, அவவைக் கட்டச் சொல்லாதேங்கோ, கட்டினதை லாச்சிக்குள்ள வைச்சுப்போட்டு அதைப் பற்றிக் கதைக்காதேங்கோ. ஏன் கதைக்கிறீர் இல்லை எண்டு தோண்டவும் வேண்டாம், சொல்லத் தோணினா சொல்லுவா. அவவுக்கு இப்ப தேவை திகதி. புயல் வந்தா பாப்பம், காத்து மாறினா பாப்பம் எண்டது கடல்காரன் கதை, அதை உங்களோட வைச்சிருங்கோ. இன்ன திகதி படகு கரையேறுது, இன்ன திகதி மூண்டு பேருக்கும் ரிக்கற், இன்ன மாசம் மட்டும் ஊரில ஒரே வீட்டில ஒரே கட்டில்ல படுக்கிறம் எண்டு எழுதி அவவின்ர கையில குடுங்கோ. அவையை அனுப்பிப்போட்டு நீங்கள் அங்க நிண்டீங்கள் எண்டா, அவ ஆறு மாசமும் போனைப் பாத்துக்கொண்டு இருப்பா. ஒராளைப் பின்னால விட்டுட்டு வாறது எண்டா என்னெண்டு அவவுக்குத் தெரியும்.

இன்னொண்டு, மகளுக்கும் சினேகிதப் பிள்ளையள் படகோட படகாப் போயிருக்குங்கள், அதைப் பற்றி ஒரு வரியும் நீங்கள் எழுதேல்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பிற வழியில கிடக்கிற அசோர்ஸ் தீவுகளுக்குப் போன படகு எது, தெற்கால போனது எது எண்டு பிள்ளையோட இருந்து ஒரு படத்தில குறியுங்கோ.

ஊருக்கு வாங்கோ. இந்த முறை வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலைப் பிடிக்க முடியாமல் போனாலும், சிலாவத்தையில கடல்தண்ணி எடுத்து விளக்கெரிக்கிற கதையை மகளுக்கு அந்தக் கரையில வைச்சுச் சொல்லலாம். ஆனி ஆடியில எங்கட கடல் குளம் மாதிரி. மனுசியை அதில ஒருக்கா வள்ளத்தில ஏத்திக்கொண்டு போங்கோ, வாறன் எண்டா மட்டும். அம்மாவை விடுங்கோ, வீட்டு வாசல்ல பேத்தி வந்து நிண்டா விசரன் கதை நிண்டுபோம். வரேக்க உங்கட மார்ட்டினிக்கில கறித்தூளுக்குக் கொலம்போ எண்டு பேராமே, அதில ஒரு பைக்கற் கொண்டு வாங்கோ, நான் சொன்னா இஞ்ச ஒருத்தரும் நம்பினமில்லை.