சுகர்தான், ஆனால் எந்த சுகர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். "சுகர் என்கிறார்கள், மாத்திரையும் போடுகிறோம், ஆனால் எங்கேயோ இடிக்கிறது." அப்படி இடிப்பவற்றை மட்டும் பொறுக்கி இந்த முறை பதில் எழுதுகிறேன்.

காய்ச்சல் என்றால் டெங்குவா, டைபாய்டா என்று கேட்கிறோம். சுகர் என்றால் மட்டும் எந்த சுகர் என்று யாரும் கேட்பதில்லை. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல், இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாத இரண்டாம் வகைதான், அதனால் கேட்காவிட்டாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம். மீதிப் பேர்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கடிதத்துக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. ஒன்பது வயதுப் பையன், ஒரு மாதமாகப் படுக்கையில் சிறுநீர் போகிறான், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான், இளைத்துவிட்டான் என்று எழுதியிருந்தார்கள். இதற்கெல்லாம் பத்திரிகைக்கு எழுதிக் காத்திருக்கக் கூடாது. அன்றே போனில் பேசி மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. குழந்தைக்கு இந்த அறிகுறிகளோடு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் சேர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

மன்னார்குடி வாசகி: என் கணவருக்கு வயது 38. இரண்டு வருடம் முன்பு சுகர் என்று தெரிந்தது. ஆரம்பத்தில் ஒரு மாத்திரையில் அடங்கியது. இப்போது மூன்று வகை மாத்திரை, ஆனாலும் வெறும் வயிற்றில் 260க்குக் கீழே இறங்கவில்லை. 64 கிலோ இருந்தவர் 53 ஆகிவிட்டார். "வாயைக் கட்டவில்லை" என்று டாக்டர் திட்டுகிறார். சத்தியமாக இட்லியை எண்ணித்தான் வைக்கிறேன்.

நம்புகிறேன் அம்மா. இட்லியை எண்ணித் தீர்கிற விஷயமாக எனக்கு இது தெரியவில்லை.

மாத்திரை ஒன்று மூன்றாகியும் சர்க்கரை ஏறி, எடை பதினொரு கிலோ இறங்குகிறது என்றால், உடம்பில் இன்சுலினே போதவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவது முதல் வகை நீரிழிவு. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் சில வாரங்களில் வெடித்துவிடும். பெரியவர்கள் சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நடக்கும். அதை லாடா என்கிறோம். கொஞ்சம் இன்சுலின் மிச்சமிருக்கும் வரை மாத்திரைக்குப் பணிவதால் இரண்டாம் வகை மாதிரியே தெரியும். அப்புறம் ஒருநாள் எதற்கும் பணியாது.

நானே இதில் ஏமாந்தவன்தான். பல வருடம் முன்பு ஒல்லியான ஒரு ஆசிரியருக்கு ஒன்றரை வருடம் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனேன், ஒவ்வொரு முறையும் சோற்றைக் குறைக்கச் சொல்லிக் கடிந்தும் கொண்டேன். கடைசியில் பரிசோதனை செய்தபோது விஷயம் வேறு. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் அவரைத் தெருவில் பார்த்தால் எனக்குத்தான் கூச்சம்.

இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று ஜிஏடி ஆன்டிபாடி. எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும். இன்னொன்று சி-பெப்டைடு, உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். அதே நேரத்து ரத்த சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சி-பெப்டைடு எண்ணுக்குப் பொருள் உண்டு. சர்க்கரை ரொம்ப நாள் உச்சத்தில் இருந்தால் கணையம் சோர்ந்துபோய் சி-பெப்டைடைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. ஜிஏடி நெகட்டிவ் என்று வந்தாலும் முதல் வகை இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. லேப் சீட்டை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு கட்ட வேண்டாம் என்பது இதனால்தான். அவருக்கோ நெருங்கிய சொந்தத்திலோ தைராய்டு கோளாறு, வெண்புள்ளி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் போடும் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் வகைக்கு அருமையான மருந்து. ஆனால் இன்சுலின் வற்றிய உடம்பில், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் உயிருக்கே ஆபத்தான அளவுக்குக் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடலாம். இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வாந்தியோ மூச்சு வாங்குதலோ வந்தால் அன்றைக்கே, கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாதீர்கள். "இன்சுலின் வந்துட்டா கடைசிக் கட்டம்" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. லாடாக்காரருக்கு அது கடைசி மருந்தே இல்லை, அவருக்கு உரிய மருந்தே அதுதான்.

வேதாரண்யம் வாசகி: மாஸ்டர் செக்கப்பில் ஹெச்பிஏ1சி 6.9 என்று வந்து, சுகர் என்று மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஆனால் வெறும் வயிற்றில் 92, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 128. எது உண்மை? எனக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 7.8.

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் இந்த ஹெச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்து குறைந்த சோகையில் இந்த எண் பொய்யாக ஏறி நிற்கும். மாறாக, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ பொய்யாக இறங்கும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து சுகர் என்று முத்திரை குத்தக் கூடாது என்பது விதி. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, ஹெச்பிஏ1சி 6.5 என்ற எல்லைகளில் இரண்டு முடிவுகளாவது ஒத்துப்போக வேண்டும்.

உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். சோகைக்கும் ரத்தப்போக்குக்கும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எனக்குக் கவலை 6.9 அல்ல, 7.8.

திருத்துறைப்பூண்டி வாசகர்: தம்பிக்கு 24 வயது, 41 கிலோ. சின்ன வயதிலிருந்தே அடிக்கடி வயிற்றுவலி, முதுகு வரை இழுக்கும். மலம் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. இப்போது சுகர் 380. நடவு வேலைக்குப் போகிறவன், இந்த வயதில் சுகரா?

தம்பி சொல்லும் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: கணையம். தெற்கே, முக்கியமாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் சேர்ந்து, அது சுருங்கி, பிறகு சுகர் வருவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். வயிற்று ஸ்கேன், சில சமயம் சாதாரண எக்ஸ்ரேவே கல்லைக் காட்டிக் கொடுத்துவிடும். இவர்களில் பலருக்கு இன்சுலின் தேவைப்படும். சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரை கொடுத்தால் எண்ணெய் மலம் குறைந்து உடம்பும் தேறும். வலிக்கு வேறு வைத்தியம் உண்டு. குடலியல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. பிற்காலத்தில் கணையப் புற்றுநோய்க்கு வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் தொடர் கவனிப்பும் வேண்டும். புகை, குடி இரண்டையும் கிட்டே சேர்க்கவே கூடாது.

மரவள்ளிக்கிழங்கு தின்றதால் வந்தது என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது, நிரூபணமாகவில்லை. அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஸ்கேனில் கல் இல்லை என்றால்? குழந்தைப் பருவத்திலிருந்தே சத்தில்லாமல் மெலிந்தவர்களுக்கு வரும் ஒரு நீரிழிவு இருக்கிறது. அதைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றுக்கொண்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். இவர்களிடம் போய் "சோற்றைக் குறை" என்று சொல்வது கொடுமை.

கும்பகோணம் வாசகி: மகளுக்கு 19 வயது, ஒல்லி. கல்லூரி முகாமில் பார்த்ததில் வெறும் வயிற்றில் 118. எனக்கும் பல வருடமாக 120ஐச் சுற்றியே. என் அம்மாவுக்கும் அப்படித்தான், 74 வயதில் கண், கிட்னி எல்லாம் நன்றாக இருக்கிறது. நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால் என்ன சொல்வது?

மூன்று தலைமுறை, அதே அளவு, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எம்.ஓ.டி.ஒய். என்ற நீரிழிவுக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். சேர்த்துப் படித்தால் மோடி; சிரிக்க வேண்டாம், 1970களிலேயே வைத்த பெயர். ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் ஜிசிகே என்ற மரபணு வகையில் சர்க்கரை கொஞ்சம் மேலே நின்றுகொண்டே இருக்கும், பெரிய கெடுதல் செய்யாது, கர்ப்ப காலம் தவிர பொதுவாக மருந்தே தேவையில்லை. ஹெச்என்எஃப்1ஏ என்ற இன்னொரு வகையில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஆனால் சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை சின்ன டோஸிலேயே நன்றாகக் கேட்கும். தெரியாமல் இன்சுலினில் போட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஊகத்தை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சாதாரணமான, ஆரம்பக் கட்ட இரண்டாம் வகையும் 118 காட்டும். மரபணுப் பரிசோதனைதான் தீர்ப்பு சொல்லும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இதில் நெடுநாள் அனுபவம் உள்ள இடம். கல்யாணப் பேச்சு பற்றி: முடிவு வந்த பிறகு உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்து, முதல் பிரசவத்தில் தெரிந்து, இரண்டு வீடும் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பாபநாசம் வாசகர்: முழங்கால் வலிக்கு ஒரு வருடமாகப் பொட்டல மருந்து சாப்பிடுகிறேன், வலி பறந்துவிட்டது. ஆறு மாதமாக சுகர். காலையில் 110, சாயங்காலம் 310. முகம் உப்பியிருக்கிறது என்கிறார்கள்.

பெயரில்லாத பொட்டலம், வலி மாயம், உப்பிய முகம், காலையில் ஏறக்குறைய சரியாக இருந்து சாயங்காலம் எகிறும் சர்க்கரை. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். நாட்டு மருந்து எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வாயில் போடக் கூடாது என்கிறேன்.

ஆனால் இன்றைக்கே நிறுத்தித் தொலைத்துவிடாதீர்கள், இதுதான் முக்கியம். ஒரு வருடம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார். சிலருக்கு அதோடு சுகரும் போய்விடுகிறது.

காரைக்கால் வாசகர்: ரத்தத்தில் 130தான், சிறுநீரில் மட்டும் நாலு பிளஸ். கிட்னி போய்விட்டதா?

இல்லை. உங்கள் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதே அதன் வேலை.

சீர்காழி வாசகி: அப்பாவுக்கு 61. குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லை. மூன்று மாதத்தில் சுகர் வந்து, ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். சாப்பாடு பிடிக்கவில்லை, முதுகு வலிக்கிறது.

சுகர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் புதிதாக வந்த சுகரோடு இவ்வளவு எடை இறங்கி, பசியும் போனால், கணையத்தில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம், சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

வலங்கைமான் வாசகர்: மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

நல்ல அரிசி, ருசியும் உண்டு. அரிசிதான். நிறுத்தக் கூடாது.

குடவாசல் வாசகர்: சந்தேகம் இருந்தால் எங்கே போவது? பதினைந்து வருடமாகப் பார்க்கும் எங்கள் டாக்டர் கோவித்துக்கொள்ள மாட்டாரா?

நல்ல டாக்டர் கோவிக்க மாட்டார். கேட்கிற விதம் இருக்கிறது. "நீங்க தப்பா பாத்துட்டீங்க" என்று ஆரம்பிக்காமல், "டாக்டர், இது எந்த வகை சுகர்னு ஒருதடவை உறுதி பண்ணிக்கலாமா? ஒரு லெட்டர் கொடுங்களேன்" என்று கேளுங்கள். அந்த லெட்டர் ரொம்ப உதவும். அது இல்லாமல் போனால் போகிற இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியவர் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது எம்.டி.க்குப் பிறகு டி.எம். படித்த நாளமில்லாச் சுரப்பி நிபுணர். ‘சர்க்கரை நோய் நிபுணர்’ என்று போர்டு வைத்தவர்களின் படிப்பு பலவிதம். பெரும்பாலானவர்களுக்கு அவர்களே போதும், இப்படி இடிக்கும் கேஸுக்குத்தான் மேலே போக வேண்டும். நம் பக்கத்தில் முதல் படி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவு. அங்கிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ எழுதி வாங்கலாம். வேலூர் சி.எம்.சி.யும் உண்டு. ஜிஏடி மாதிரிப் பரிசோதனைகளை வெளி லேபில் காசு கொட்டி எடுக்கும் முன், போகிற ஆஸ்பத்திரியிலேயே எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபைலில் என்ன வேண்டும்? சுகர் என்று முதன்முதலில் சொன்ன அந்தச் சீட்டு, அதுதான் தங்கம். அதைத்தான் எல்லோரும் தொலைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருந்தால் அந்த அட்டை. போடும் எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகளும். எந்த வருடம் எவ்வளவு எடை என்ற கணக்கு. அது இல்லையென்றால் கல்யாண போட்டோவும் இப்போதைய போட்டோவும் போதும், நான் அதைப் பார்த்தே பலமுறை யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். தாத்தா பாட்டி வரை யாருக்கு எந்த வயதில் சுகர் வந்தது, அதையும் ஒரு தாளில்.

இன்னொன்று. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ராத்திரி பஸ்ஸில் ஏறி, பழக்கத்தில் விடிகாலையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு, டோக்கன் வரிசையில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அன்று காலை எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையில் கொஞ்சம் சர்க்கரையும், ரத்தம் கொடுத்தவுடன் பிரிக்க ஒரு இட்லிப் பொட்டலமும் இருக்கட்டும்.