கேல் வறை ஏன் கசக்கிறது? இலைக்கறிக் கேள்விகளும் பதில்களும்

அக்கா, முருங்கை இலை வறை செய்கிற மாதிரியே கேலிலும் செய்தேன். நார் நாராகவும் கசப்பாகவும் வந்தது. பிள்ளைகள் தொடவே இல்லை. எங்கே பிழை விட்டேன்? (ஸ்காபரோ)

கேலைக் கீரை என்று நினைத்துச் சமைத்திருக்கிறீர்கள் தங்கச்சி, அங்கேதான் பிழை. அது கோவாவின் சொந்தக்காரி. கோவா, பூக்கோவா, புரோக்கொலி, நோக்கோல் எல்லாமே ஒரே தாவர இனம்தான். ஆதலால் கோவாவுக்குப் பார்க்கிற பக்குவத்தையே இதற்கும் பாருங்கள்.

முதலில் நடுத்தண்டை இழுத்து எடுத்துவிடுங்கள். இலைகளை அடுக்கி, பீடி சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, நூல் நூலாக அரியுங்கள். வறையின் பாதி வேலை கத்தியில் இருக்கிறது. அகலமாக வெட்டினால் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் பல்லில் இழுபடும். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இலையைப் போட்டு, கால் கப் தண்ணீர் தெளித்து 4 அல்லது 5 நிமிடம் வேகவிடுங்கள். முருங்கை இலைக்குத் தண்ணீர் விட மனம் வராது, ஆனால் இதற்கு வேண்டும். தண்ணீர் வற்றியதும் மஞ்சளும் ஒரு கை தேங்காய்ப்பூவும் போட்டு இன்னும் 3 நிமிடம் பிரட்டுங்கள். உப்பு கடைசியில்தான். சட்டி நிறைய இருக்கிற இலை ஒரு பிடியாகச் சுருங்கும். முதலிலேயே கண் அளவில் உப்புப் போட்டால் கரித்துவிடும். தேங்காய்ப்பூவின் இனிப்பு கசப்பை நன்றாக அடக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் மூன்று விதமான கேல் இருக்கிறது. எதை வாங்குவது? (லண்டன்)

சுருட்டை இலைக் கேல் எங்கும் கிடைக்கும், வறைக்கு நல்லது. ஆனால் சுருளுக்குள் மண்ணும் சின்னப் பேனும் ஒளிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

கரும்பச்சையில் நீட்டாக, சொரசொரவென்று இருப்பது லசினாட்டோ. இத்தாலியின் டஸ்கனிப் பக்கத்துக்காரர் மிஞ்சிய பாணும் வெள்ளைப் பீன்ஸும் சேர்த்து ரிபொல்லீட்டா என்ற கெட்டிச் சூப் வைப்பது இதில்தான். நான் பருப்புக்குள் போடுவதும் இதைத்தான். நீண்ட நேரம் கொதித்தாலும் கரையாமல் நிற்கும், சுவையும் ஆழமாக இருக்கும். ஒன்று மட்டும் வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஊதாத் தண்டும் வெட்டு வெட்டான தட்டை இலையும் உள்ளது சிவப்பு ரஷ்யன். அது மென்மையானது, 3 நிமிடத்தில் வெந்துவிடும். பச்சையாகச் சம்பல் போடவும் ஏற்றது: பொடியாக அரிந்து, உப்புச் சேர்த்து இரண்டு நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். பிறகு வல்லாரைச் சம்பலுக்குச் சேர்ப்பதெல்லாம் சேர்க்கலாம்.

எப்படிச் செய்தாலும் பச்சை நிறம் போய்விடுகிறது.

மூடியைத் திறந்து வையுங்கள். இலை வேகும்போது வெளிவருகிற புளிப்புத்தன்மை ஆவியோடு போகவேண்டும். மூடினால் அது திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுந்து பச்சையத்தைக் கெடுக்கும். தேசிக்காய்ப் புளியும் இதே வேலையைத்தான் செய்யும். அடுப்பை விட்டு இறக்கிய பிறகே விடுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் கேல் வைத்திருக்கிறேன். பனி கொட்ட முதல் எல்லாவற்றையும் பிடுங்கிவிடவா? (ஒட்டாவா)

பிடுங்காதீர்கள் தம்பி! முதல் உறைபனி விழட்டும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடமுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். ஒக்டோபர் கடைசியில் பறிக்கிற இலை கோடையில் பறித்ததைவிட இனிக்கும். வட ஜெர்மனியில் கேலைக் குளிர்காலச் சாப்பாடாகவே வைத்திருக்கிறார்கள், உறைபனிக்குப் பிறகு பறிப்பதுதான் அங்கே வழக்கம். அடியிலுள்ள இலைகளை மட்டும் ஒடித்து எடுங்கள், நுனிக் குருத்தை விட்டால் மேலே மேலே வந்துகொண்டிருக்கும்.

ஊர்க் கீரையின் ருசிதான் வேண்டும் அன்ரி. இங்கே எங்கே தேடுவது?

கரீபியன் கடைக்குப் போங்கள். யமேக்காக்காரர் கலலூ என்று கட்டுக்கட்டாக விற்பது எங்கள் தண்டுக்கீரையின் இனமேதான். நான் முதன்முதலில் அதைக் கண்டபோது கடைக்குள்ளேயே நின்று கண் கலங்கினேன். ஆனால் ட்ரினிடாட்காரரிடம் கேட்டால் கலலூ என்பது சேம்பிலையில் வைக்கிற கறி. சேம்பிலை என்றால் புளி விட்டு நன்றாக அவித்தே சாப்பிடவேண்டும், அரைவேக்காடு தொண்டையை அரிக்கும். சீனக் கடைகளில் சிவப்புக் கீரையும் கங்குனும் கிடைக்கும். கங்குனை மட்டும் பெருந்தீயில் உள்ளியோடு ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள்.

அப்பா இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். கேல் கொடுக்கலாமா?

இதில் கவனம் வேண்டும். கேலில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். ஒரு கிழமை நிறையக் கொடுத்து மறு கிழமை அடியோடு நிறுத்துவதுதான் ஆபத்து. எவ்வளவு சாப்பிடலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த அளவை மாறாமல் வைத்திருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கேலில் பயம் குறைவு. கல் உண்டாகக் காரணமான ஒக்சலேட் என்ற பொருள் நிறைய உள்ளவை ஸ்பினாச்சும் சுவிஸ் சார்டும். அவற்றை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

எடுத்த தண்டுகளை என்ன செய்வது?

எறியாதீர்கள். மெல்லிய வட்டமாக அரிந்து, பருப்பு அரைவாசி வெந்ததும் அதற்குள் போடுங்கள். மிகவும் முற்றிய அடித்தண்டு மட்டும் வேகாது, அது தோட்டத்துக்கே போகட்டும்.