ஒளிவேகத்தை நெருங்கும் கல் நிறை கூடிக் கருந்துளை ஆகிவிடுமா?

ஆகாதுங்க. கல்லோடு நீங்களும் அதே வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது சும்மா கிடக்கும் கல். கருந்துளையா இல்லையா என்பது பார்க்கிற ஆளுக்கு ஆள் மாறுகிற சங்கதி இல்லை. உங்களுக்குக் கல் என்றால் பூமியில் நிற்கிறவருக்கும் கல்தான்.

வேகத்தோடு நிறை கூடும் என்பது பழைய பாடப்புத்தகப் பேச்சு. இன்றைக்கு இயற்பியலில் நிறை என்றால் பெரும்பாலும் ஓய்வு நிறைதான், அதாவது பொருள் சும்மா கிடக்கும்போது உள்ள நிறை. வேகத்தோடு கூடுவது ஆற்றலும் உந்தமும் (ஓடுகிற பொருளை நிறுத்த எவ்வளவு தள்ள வேண்டும் என்பதன் அளவு). 1915-ல் ஐன்ஸ்டீன் எழுதி முடித்த சமன்பாட்டில் காலவெளியை, அதாவது காலமும் இடமும் சேர்ந்த ஒன்றை, வளைப்பதும் நிறை மட்டுமல்ல. ஆற்றல், உந்தம், அழுத்தம் எல்லாம் அதில் உண்டு.

பொருளுக்குள்ளேயே நடக்கும் ஓட்டம் என்றால் கதை வேறு. அது நிறையிலேயே சேர்ந்துவிடும். கோயமுத்தூர்ப் பக்கம் பம்ப் பட்டறைகளில் சுழலும் பாகமான ரோட்டரைச் சமநிலைப்படுத்த உருளைகள் மேல் கிடத்தி, பெல்ட் போட்டுச் சுழற்றி, பாரம் அதிகமுள்ள பக்கத்தில் துளி டிரில் போட்டு எடுப்பார்கள். நிற்கும் ரோட்டரைவிடச் சுழலும் ரோட்டருக்கு நிறை கூடுதல். எவ்வளவு? ஒரு கிராமில் பல ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எந்தத் தராசும் காட்டாது. ஆனால் அணுவுக்குள் இதுவே தலைகீழ். அணுக்கருவில் உள்ள புரோட்டானின் நிறையில், அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற துகள்களின் சொந்த நிறை சுமார் 1 சதவீதம்தான். மற்றதெல்லாம் அவற்றின் ஓட்டமும் அவற்றைக் கட்டிவைக்கும் புலத்தின் ஆற்றலும். நீங்கள் தூக்கும் அரிசி மூட்டையின் கனத்தில் பெரும்பங்கு அதுதான்.

அப்புறம், வளைவு என்றதும் ரப்பர் விரிப்பில் இரும்புக் குண்டு வைத்த படத்தைக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் படமே ஆகாது. அதில் காலம் எங்கே? பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் விழுவது கிட்டத்தட்ட முழுக்கக் காலத்தின் வளைவால்தான். கீழே நேரம் மெதுவாக ஓடுகிறது, மேலே சற்று வேகமாக. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோயமுத்தூர் 400 சொச்சம். இரண்டு ஊரிலும் அணுக் கடிகாரம் வைத்தால், ஊட்டிக் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 நானோ விநாடி முந்தும். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான், ஆனால் தலையில் தேங்காய் விழ அது போதும்.

வேகம் நிஜமாகவே உள்ளே வரும் இடம் இனிமேல்தான். மெதுவாகப் போகும் பொருளுக்கு வெளியின், அதாவது இடத்தின், வளைவு உறைக்கவே உறைக்காது. வேகம் ஏற ஏற அதுவும் சேர்ந்துகொள்ளும். ஒளிக்கு இரண்டும் சரிபாதி. சூரியன் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி, காலத்தின் வளைவை மட்டும் கணக்கிட்டால் 0.87 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) திரும்ப வேண்டும். வெளியின் வளைவையும் சேர்த்தால் 1.75. பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பிரின்சிபித் தீவிலும் 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது படம் எடுத்து அளந்தார்கள். ஆங்கிலேய வானியலாளர்கள் அந்த நவம்பரில் அறிவித்த முடிவு 1.75-ன் பக்கம்தான் நின்றது.